சிமெண்ட் பர்மிட்

1979இல் அப்பா வீடு கட்டத் தொடங்கினார். கையில் காசு இருந்தது, சிமெண்ட் வாங்க பர்மிட் இல்லை. மனுவோடு தாலுகா அலுவலக வராந்தாவில் அவர் காத்திருந்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் கிடைத்த மூட்டைகள் சுவருக்கே போதவில்லை. மேலே ஓடு வேய்ந்தோம்.

சிமெண்டின் விலையையும் பங்கீட்டையும் அரசே தீர்மானித்த காலம் அது. 1982 பிப்ரவரியில் பிடி தளர்ந்தது. பழைய ஆலைகள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அரசு சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சந்தையில் விற்கலாம் என்றார்கள். 1989 மார்ச்சில் அந்தக் கட்டுப்பாடும் போயிற்று. அது நல்ல முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அப்பாவின் காத்திருப்பைக் கண்ணால் பார்த்தவன் நான்.

அதோடு அரசின் வேலை முடிந்துவிடவில்லை. ஆலைகள் கூடிப் பேசி விலையை ஏற்றியதாகச் சொல்லி 2012இல் இந்தியப் போட்டி ஆணையம் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2015இல் தமிழக அரசு தனியார் ஆலைகளிடம் வாங்கி, ‘அம்மா சிமெண்ட்’ என்று மூட்டை 190 ரூபாய்க்கு விற்றது. 100 சதுர அடிக்கு 50 மூட்டை கொடுத்தார்கள். வீட்டு வரைபடமும் அலுவலர் சான்றும் கேட்டார்கள். என் தங்கை அந்த சிமெண்டில்தான் கான்கிரீட் தளம் போட்டாள்.