பட்டா இல்லாதவர்களின் நெய்வேலி

நெய்வேலி வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு கிணற்றில்தான் தொடங்குவார்கள். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் துளை போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. நிலத்துக்காரர் பெயர் வரலாற்றில் ஏறியது. அந்தப் பக்கத்தில் ஏர் ஓட்டினவங்க, நாற்று நட்டவங்க, மாடு மேய்த்தவங்க பெயர் ஏறவில்லை. நாம் அவர்களிடமிருந்து தொடங்குவோம்.

1956 நவம்பர் 14இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. சரியாக 22 நாள் கழித்து அண்ணல் அம்பேத்கர் மறைந்தார். இது தற்செயல்தான். ஆனால் இந்திய விவசாயத்தின் நோய்க்குத் தொழில்மயம்தான் மருந்து என்று 1918லேயே வாதிட்டவர் அவர். முக்கியத் தொழில்கள் அரசின் உடைமையாக இருக்க வேண்டும் என்று 1947இல் எழுதிக் கேட்டவர். ஏன் கேட்டார்? ஆண்டை கையில் நிலம் இருக்கும்வரை நம்ம கூலியும் குடியிருக்கிற மனையும் மானமும் அவன் கையில்தான். கிராமத்தை விட்டு வெளியேற ஒரு வாசல் வேணும். ஆலை அந்த வாசல்.

1957 மே 20இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மேற்கு ஜெர்மனி எந்திரம் மண்ணை வாரியது. சோவியத் உதவியோடு அனல்மின் நிலையம் எழுந்தது. 1961இல் கரி தெரிந்தது, 1962இல் மின்சாரம் வந்தது. கரிப் படுகைக்குக் கீழே ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும்.

வாசல் திறக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நிரந்தர வேலை கிடைத்த நம்மவர்களுக்கு இடஒதுக்கீடு இருந்தது, மாசச் சம்பளம் இருந்தது, ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இருந்தன. டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ். யாருக்கு எந்த வீடு என்பதைச் சாதி தீர்மானிக்கவில்லை, வேலைத் தரம் தீர்மானித்தது. ஊர், சேரி என்று பிரிந்தே வாழ்ந்த தென்னாற்காட்டில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் வாசலில் நின்ற எல்லாரும் உள்ளே போகவில்லை. நிலம் எடுத்தது 1894ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டத்தின்படி. அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு நிலத்தில் உரிமை உள்ளவன்தான் தெரிவான். பட்டாதாரருக்கு இழப்பீடு. அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வெந்த கூலிக்கு? 'பட்டா இருந்தாத்தான் மனுசனா சாமி?' என்று அவர் கேட்டிருந்தால் பதில் சொல்ல அதிகாரி எவரிடமும் ஒரு படிவமும் இருந்திருக்காது. மூன்று வருஷம் அங்கே உழைத்துப் பிழைத்த விவசாயக் கூலியின் குடும்பமும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று எழுத 2013ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. இடையில் போனது 57 வருஷம்.

அடுத்த வேலி ஒப்பந்தம். நிரந்தர வேலைக்கு இடஒதுக்கீடு உண்டு, ஒப்பந்த வேலைக்குக் கிடையாது. அதே சுரங்கம், அதே கரித்தூசி, சம்பளம் மட்டும் வேற. 2012இல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒரு மாசத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது இதற்காகத்தான். பிலாய் உருக்காலைக்கு இரும்புத்தாது தந்த தல்லி ராஜ்ஹரா சுரங்கத்திலும் இதே கதை. அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்களைத் திரட்டிய சங்கர் குஹா நியோகியை 1991இல் சுட்டுக் கொன்றார்கள்.

2006லும் 2013லும் நெய்வேலிப் பங்குகளை விற்கக் கூடாது என்று போராட்டம் நடந்தது. நியாயம்தான். தனியாருக்குப் போனால் இடஒதுக்கீடும் போகும். ஆனால் ஒரு பங்குகூட விற்காமலே தனியார்மயம் நடக்கும் என்பதை நாம் பேசணும். ஒப்பந்தக்காரரிடம் போகிற ஒவ்வொரு வேலையும் இடஒதுக்கீட்டிலிருந்து கழிந்துபோன வேலை. இதைச் சேர்க்காத 'பொதுத்துறையைக் காப்போம்' கோஷம் பாதிக் கோஷம்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நட்டு நின்ற நெற்பயிர்மேல் எந்திரம் ஏறியதை நாடே பார்த்தது. பயிருக்கு இழப்பீடு பேசினார்கள், நிலத்துக்கு விலை பேசினார்கள். அந்தப் பயிரை நட்ட கைகளின் கணக்கு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? அது இல்லையென்றால் ஊர் ஊராகப் போய், பெயர் பெயராக நாமே எழுதணும். கிழவிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் கேட்க ஆள் இருக்காது.