இன்னும் நாலு பேரை ஏத்தினா என்ன?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. மண்சரிவில் ரோடுகள் மூடின, ஹெலிகொப்டர்கள் வந்தன. “இவ்வளவு பெருசா இருக்கே, இன்னும் நாலு பேரை ஏத்தினா என்ன?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதன் பதிலுக்கு நூறு வருசக் கதை இருக்கிறது.

1923இல் ஸ்பெயினின் யுவான் டி லா சியர்வா பறக்கவிட்ட ஆட்டோஜைரோவின் மேல்விசிறியைக் காற்றே சுழற்றியது. எஞ்சின் நின்ற ஹெலிகொப்டரும் இந்த வித்தையால்தான் பத்திரமாக இறங்குகிறது. ஆனால் இறங்கச் சமதரை வேண்டும். தேயிலைச் சரிவில் அதுக்கு எங்கே போவது?

வியட்நாம் போரில் பேர் வாங்கிய ஹியூயி முதலில் ஒற்றை எஞ்சின்தான். கனடா கேட்டதால் பெல் நிறுவனம் அதை இரட்டை எஞ்சினாக்கியது. அந்த வழியில் வந்ததுதான் நம் நாட்டு விமானப்படை பல காலமாகப் பறக்கும் பெல் 212. இரண்டு எஞ்சினும் சேர்ந்து 1800 குதிரைத்திறன் தரும். கியர்பெட்டி வாங்கிக்கொள்வது 1290தான். ஆகவே கடல்மட்டத்தில் ஒன்று நின்றால் பாதிச் சக்தி போய்விடாது. மலையில் காற்று மெலிசு, அந்த உபரி அங்கே கரைந்துவிடும்.

பறக்கையில் ஒரு எஞ்சின் நின்றால் விமானி வேகத்தைக் குறைப்பார். மணிக்கு 110, 120 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கத்தான் சக்தி ஆகக் குறைவாகத் தேவை. அந்தரத்தில் அசையாமல் நிற்க மிக அதிகம். அப்பவும் போதாவிட்டால் ஹெலிகொப்டர் மெல்ல இறங்கி, மிச்ச எஞ்சின் தாங்கும் உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தை எடையும் வெப்பமும் தீர்மானிக்கும். புறப்படும் முன்பே அட்டவணையில் பார்த்து வைப்பார்கள். ஹப்புத்தளை 1400 மீட்டருக்கு மேல், நமுனுகுல 2036. வழியிலுள்ள மலை அந்த உயரத்தைத் தாண்டினால் சுமையைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தாழ்ந்த பக்கம் திரும்பக்கூடிய பாதையில் போக வேண்டும். ஹப்புத்தளை விளிம்பில் தெற்கே திரும்பினால் வெல்லவாய சமவெளி இருக்கிறது. எல்லா மலைக்கும் அப்படி ஒரு பக்கம் வாய்ப்பதில்லை.

எரிபொருளைக் குறைத்தால் ஆள் ஏறலாம், சுற்றுவழி போக முடியாது. அரிசி மூட்டையைக் குறைத்தால் மேலே காத்திருப்பவர்களுக்குச் சோறு குறையும். ஒரு மழைக்கே அறுந்துபோகிற ஒற்றை ரோட்டை மட்டும் தோட்டங்களுக்குக் கொடுத்துவைத்ததால்தான், லயத்து ஆட்கள் இந்தக் கிலோக் கணக்குக்குள் வந்து விழுகிறார்கள்.