பர்மா ராணியும் எங்க தெரு தாத்தாவும்

போன வாரம் 'லெ கார்போ'ன்னு ஒரு பழைய பிரெஞ்சுப் படம் பார்த்தேன். 1943-ல் க்ளூஸோ எடுத்தது. ஒரு சின்ன ஊருக்கு 'அண்டங்காக்கை'ன்னு கையெழுத்துப் போட்ட மொட்டைக் கடுதாசிகள் வருது. எழுதுறது யாருன்னு கண்டுபிடிக்கிறதுதான் கதை. அப்போ பிரான்ஸ் ஜெர்மன்காரன் கையில. படத்துக்குக் காசு போட்டதும் ஜெர்மன் கம்பெனிதான். அதனால, விடுதலைக்கு அப்புறம் 1947 வரை க்ளூஸோ படமே எடுக்க முடியலை.

சரி, போர்க்காலத்துல நம்மாளுங்க என்ன எடுத்தாங்க? உடனே ஞாபகம் வந்தது 'பர்மா ராணி'. 1945-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் எடுத்தது. ஜப்பான் பிடித்த பர்மாவில் இந்திய விமானிகள் மாட்டிக்கொள்கிறார்கள். காப்பாற்ற ராணியாக கே.எல்.வி.வசந்தா. ஜப்பான் அதிகாரியாக சுந்தரமே நடித்தார். பிலிமுக்கு ரேஷன் இருந்த நேரம். போரை ஆதரித்துப் படம் எடுங்கள் என்று வெள்ளைக்கார சர்க்கார் நெருக்கியது. அதே வருஷம் வந்த 'மானசம்ரட்சண'மும் அந்த ரகம்தான்.

வேடிக்கையைப் பாருங்க. பர்மாவை ஆக்கிரமித்தவனைத் திட்டிப் படம் எடுக்கச் சொன்னது, நம்மை ஆக்கிரமித்தவன்!

எங்க தெருவில் ஒரு தாத்தா இருந்தார். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் ஊரே ஜப்பான் வசமானது. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கிளம்பினார்கள். காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த வழியிலும் வெள்ளைக்காரனுக்கு ஒரு பாதை, கறுப்பனுக்கு ஒரு பாதை. தாத்தாவோட கிளம்பினவங்க ஏழு பேர். வந்து சேர்ந்தது ரெண்டு பேர்.

அவர் வந்து சேர்ந்த ஊர் எது? சிவகாசி! போரால் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்னு, இங்கே பட்டாசுத் தொழில் வேர் பிடிச்ச நேரம் அது. ஸ்டாண்டர்ட் ஃபயர்வொர்க்ஸ் ஆரம்பித்ததும் அதே 1942-ல்தான். தாத்தாவும் பட்டாசு ஆபீஸுக்கே வேலைக்குப் போனார். வெடியாலேயே பொழப்பு. ஆனா தீபாவளியன்னைக்கு மட்டும் வீட்டுக் கதவைச் சாத்திட்டு உள்ளேயே இருப்பார். சின்னப் பசங்க நாங்க, 'பயந்தாங்கொள்ளி தாத்தா'ன்னு கத்திட்டு ஓடுவோம். இப்ப நினைச்சா கூசுது.

'பர்மா ராணி' விமானிகளோட கதை. நடந்து வந்தவங்க கதையைப் படமா எடுக்கணும்னு சர்க்காருக்கு என்ன அவசியம்? எடுத்திருந்தா, 'உன்னை நம்பி இருந்தவங்களை ஏன் நடுக்காட்டுல விட்டே?'ன்னு அவனையே கேட்ட மாதிரி ஆகியிருக்கும்.

உங்க வீட்டிலும் அப்படி நடந்து வந்த பெரியவங்க இருந்தா, கேட்டு எழுதி வைங்க மக்களே. நான் கேட்காம விட்டுட்டேன்.