கணக்குப் புத்தகம் யார் கையில்?

1935 வரை லூமுட் பேராக்கில் இல்லை. சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்புவதில்லை. 1874 பங்கோர் உடன்படிக்கையில் லூமுட் அடங்கிய டிண்டிங்ஸ் வட்டாரம் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரோடு சேர்ந்து நீரிணைக் குடியேற்றம் என்று பேர் பெற்றது. பேராக் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் வேறு சட்டம். மலாய்க்காரர் நிலம் கடனில் கைமாறக் கூடாதென்று 1913இல் வந்த ஒதுக்கீட்டு நிலச் சட்டம்கூட பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களுக்குத்தான். லூமுட்டுக்கு இல்லை.

ஆனால் தோட்டத்துத் தமிழனுக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. அடமானம் வைக்க அவனிடம் நிலம் ஏது? இருந்தது இரண்டு கை. அந்தக் கையைத்தான் முதலில், ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்த கங்காணி தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

ஊரில் வாங்கிய முன்பணம், கப்பல் செலவு, வழிச்சோறு, ஒரு போர்வை. எல்லாம் கங்காணியின் நோட்டில் ஆள் பேரில் ஏறிவிடும். கப்பலை விட்டு இறங்குமுன்பே ஆள் கடன்காரன். எவ்வளவு கடன் என்று கங்காணிக்குத்தான் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இது இன்னும் மோசம். கூட்டத்தின் கடனைக் கட்டினால் ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று ஒரு துரை இன்னொரு துரைக்குத் துண்டு எழுதிக் கொடுப்பார்; ஆட்கள் அந்தத் துண்டோடு கைமாறுவார்கள். அதை 1921இல்தான் ஒழித்தார்கள். மலாயாவில் கொஞ்சம் முன்னதாகவே வழி பிறந்தது. 1907இல் குடியேற்ற நிதி ஒன்றை ஏற்படுத்தி, முதலாளிகளிடம் வரி பிரித்து, அதிலிருந்து கப்பல் செலவைக் கொடுத்தார்கள். கருணை என்று நினைக்க வேண்டாம். ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. என்றாலும் ஆள் கடனில்லாமல் இறங்கினான். கங்காணிக்குத் தலைக்காசு மட்டும் தொடர்ந்தது.

செட்டியாரைப் பற்றித் தோட்டத்தில் ஏராளமான கதை உண்டு. பாதி பொய். பால்மரம் வெட்டுகிறவனுக்குச் செட்டியார் நேராகக் கடன் கொடுத்தது குறைவு. அவர் கொடுத்தது சின்னத் தோட்டக்காரனுக்கு, ஈயச் சுரங்கச் சீனனுக்கு, கடைக்காரனுக்கு, சம்பளம் பத்தாத கவர்மெண்டு கிராணிக்கு, அதாவது குமாஸ்தாவுக்கு. தெலுக் ஆன்சனிலும் பினாங்கிலும் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகள். கடைக்கு ஒரு பெட்டி, தரையில் பாய், சாய்வு மேசை, பேரேடு. வட்டியை மனக்கணக்காகவே போட்டுவிடுவார்கள். மேலாள் மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊருக்குப் போனால் அடுத்த ஆள் வந்து உட்காருவார், புரோநோட்டு மட்டும் அதே பெட்டியில் இருக்கும். 1930களின் மந்தத்தில் பர்மாவின் கீழ்ப்பகுதி நெல்வயலில் கால் பங்கு இப்படிச் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அவர்களுக்கு வேண்டியது பணம், வயலல்ல. திரும்பி வந்ததோ வயல். அந்தக் காலத்தில்தான், 1937இல், எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். பெட்டியடியிலிருந்து கவுண்டருக்கு மாறிய கதை அது.

கிராணிகளின் கடன் அரசாங்கத்துக்கே தலைவலியாக இருந்தது. 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்ததும் முதலில் பதிவானது தபால், தந்தி ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம்தான். பிறகுதான் தோட்டங்களுக்கும் அப்படிச் சங்கங்கள் வந்தன. மாதம் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று போட்டு, ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொள்வது. என் அப்பா அப்படிப் போட்டவர். ஊருக்குப் போகவில்லை.

நான் சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி வேலை பார்த்தவன். அதனால் சம்பள நாளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. ஆபீஸ் வராந்தாவில் மேசை, அதன்மேல் செக்ரோல், பக்கத்தில் காசு அடுக்கு. துரை நாற்காலியில். நான் பேர் கூப்பிடுவேன், ஆள் வருவார். அட்வான்ஸ் இவ்வளவு, அரிசி இவ்வளவு, சங்கச் சந்தா இவ்வளவு, எல்லாம் டிடக்‌ஷன். கடைசியில் ஒரு பேலன்ஸ். தமிழில் கையெழுத்துப் போடத் தெரியாத கிழவிகூட ‘பேலன்ஸ்’ என்று சுத்தமாகச் சொல்லும்.

“கிராணி ஐயா, போன மாசத்தவிட பேலன்ஸ் கொறையுதே?”

“முப்பது நாள்ல இருவத்தொரு நாள்தானே பெரட்டுக்கு வந்தீங்க, ஆயா.”

“மழைக்கு நானா பொறுப்பு?”

பதில் இருக்காது. கட்டைவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டுப் போகும்.

வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் காவலுக்கு இருந்த சீக்கியர். அவரும் வட்டிக்குக் கொடுப்பார். மற்றவர் மளிகைக் கடைக்காரர், கையில் 555 புத்தகம். சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு. இந்த நாட்டில் கடன் என்றாலே அதுதான் ஞாபகத்துக்கு வரும். வீட்டுக்கு ஒரு நோட்டு. மண்ணெண்ணெய், கருவாடு, பால்டின், பிள்ளைக்குப் பிஸ்கட். வாங்கியவர் எதிரிலேயே எழுதுவார், ஆனால் நோட்டு கடையில்தான் இருக்கும். நான் பார்த்தவரை பெரும்பாலான கடைக்காரர்கள் அநியாயக்காரர்கள் அல்ல. சம்பளம் வராத மாதத்தில் சோறு போட்டது அந்த நோட்டுதான். ஆனால் கூட்டல் போடுகிறவரும் அவரே, வசூலிக்கிறவரும் அவரே. 1928இல் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாள்கூலியை 1930இல் 40, 32 என்று குறைத்தபோது எத்தனை குடும்பம் கடை நோட்டில் மூழ்கியிருக்கும் என்று கணக்குப் போட ஆசைதான். நோட்டுகள் மிஞ்சவில்லை.

பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: கூட்டு. இருபது பேர், ஆளுக்குப் பத்து வெள்ளி, குலுக்கலில் மாதம் ஒருத்திக்கு இருநூறு. தாலி, காதுகுத்து, சைக்கிள் எல்லாம் அதில் வந்தது. சில இடங்களில் பிடித்தவர் ஓடிப்போனதும் உண்டு. 1971இல் கூட்டுக்குத் தடைச் சட்டமே வந்தது. லயத்து வரிசை வீடுகளில் யாரும் நிறுத்தியதாக எனக்குத் தெரியாது.

1951ஐ நான் பெரிய வருஷம் என்பேன். அந்த வருஷம்தான் வட்டிக்கடைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்து வாங்கி ஒரு நகலைக் கடன் வாங்கியவரிடம் கொடுக்காவிட்டால் வழக்கு நிற்காது என்றது. அதே வருஷம்தான் சேமநிதி வந்தது, ஆளுக்கு 5 சதவீதம், முதலாளி 5 சதவீதம். முதல்முறையாகத் தோட்டத்து ஆள் பேரில் அவர் கையிலேயே ஒரு காகிதம்.

அடுத்த காகிதத்தைக் கொடுத்தவர் சுங்கை சிப்புட் வீ.தி. சம்பந்தன். சுதந்திரத்தையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுதுண்டாக்கி விற்க, லயத்து ஜனம் தெருவுக்கு வந்தது. தோட்டங்களை ஆட்களே சேர்ந்து வாங்க, 1960இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி, தவணையாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாக வந்து பேசினார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம். இன்ஸ்டால்மென்ட், ஷேர், டிவிடெண்ட் என்ற சொற்கள் எங்கள் பக்கத்து லயங்களில் புழக்கத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அதுவரை அவர்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பிடித்தம் சம்பந்தப்பட்டது.

இன்று தோட்டத்துப் பேரன்கள் லூமுட் கடற்படைத் தளத்திலும் சித்தியவான் கடைகளிலும் வேலை செய்கிறார்கள். மோட்டாருக்கு லோன், படிப்புக்கு லோன். கட்ட முடியாமல் தடுமாறினால் பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே.யில் காசு வாங்காமல் ஆலோசனை சொல்வார்கள். அங்கே போகாமல் விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் ஆலோங் (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்) நம்பருக்குப் போன் போடுகிறவர்களைத்தான் நான் திட்டுகிறேன். செட்டியாராவது பேரேடு வைத்திருந்தார்.

அவ்வப்போது யாராவது தாத்தா பெட்டியில் கிடைத்த பழைய நிலநிதிச் சங்கப் பங்குப் பத்திரத்தோடு என் வீட்டுக்கு வருகிறார்கள், இது செல்லுமா என்று கேட்டு. இறப்புச் சான்றிதழையும் உங்கள் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு நேரில் போங்கள் என்பேன். போட்டோஸ்டாட் இரண்டு எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள்.