சீருடை போட்டவர் அதிபரைத் திட்டலாமா?



அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் அதிபரை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம், வழக்கு வராது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலும் உண்மைதான்.

ஆனால் அதே நாட்டில் அந்த உரிமை முழுசாகக் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். ராணுவத்தினர். அப்படிப் பேசி சிறைக்குப் போனவர்களில் ஒருவர் மருத்துவர். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

சுதந்திரப் பிரகடனம் வந்த அதே 1776-இல் எழுதப்பட்ட ராணுவ விதிகளிலேயே, காங்கிரஸை அவமரியாதையாகப் பேசினால் தண்டனை உண்டு. 1806-இல் அந்தப் பட்டியலில் அதிபரும் சேர்ந்தார்.

1950-இல் வந்த ராணுவ நீதிச் சட்டத்தில் இது 88-வது பிரிவு. அதிபர், துணை அதிபர், காங்கிரஸ், பாதுகாப்பு அமைச்சர் போன்றோரை ராணுவ அதிகாரி ஒருவர் இழிவாகப் பேசினால் குற்றம். இந்தப் பிரிவு அதிகாரிகளுக்கு மட்டும். சிப்பாய்கள் பேசினால் வேறு பிரிவுகள் இருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ரெண்டு.

ஒன்று, அரசியல் விவாதத்தில் ஒரு தலைவரைக் காட்டமாக விமர்சித்தாலும், அது தனிப்பட்ட இழிவாக இல்லாவிட்டால் குற்றம் சாட்டக் கூடாது.

ரெண்டாவது முக்கியம். அப்படி இழிவாகப் பேசிய விஷயம் உண்மையா பொய்யா என்பது கணக்கிலேயே வராது. "நான் சொன்னது உண்மைங்க" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இனி மூன்று பேரின் கதை.

1965 நவம்பர். டெக்ஸாஸ் மாநிலம் எல் பாசோ நகரம். வியட்நாம் போரை எதிர்த்து ஒரு சின்ன ஊர்வலம். அதில் ஹென்றி ஹோவ் என்ற இளம் லெப்டினன்ட், டூட்டி இல்லாத நேரத்தில், சாதா உடையில், ஒரு அட்டையைப் பிடித்து நடந்தார். அதிபர் ஜான்சனின் பாசிச ஆக்கிரமிப்பை நிறுத்து என்ற பொருளில் எழுதியிருந்தார். பாசிசம் என்ற சொல்லில் எழுத்துப்பிழை வேறு!

கோர்ட் மார்ஷல். பணிநீக்கம். ரெண்டு வருடம் கடுங்காவல், பிறகு அது ஒரு வருடமாகக் குறைக்கப்பட்டது.

அடுத்தவர்தான் நம்ம டாக்டர். ஹோவர்ட் லெவி. நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த தோல் மருத்துவர். கட்டாய ராணுவ சேவையில் கேப்டனாக, தெற்கு கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சன் முகாம் மருத்துவமனையில் வேலை பார்த்தார்.

சிறப்புப் படை வீரர்களுக்கு தோல் மருத்துவம் சொல்லிக் கொடு என்று உத்தரவு வந்தது. முடியாது என்றார். அவர்கள் முதலில் சண்டைக்காரர்கள், மருத்துவத்தைப் போரின் கருவியாக்குவார்கள், அது மருத்துவ அறத்துக்கு எதிரானது என்பது அவர் வாதம். கூடவே, வியட்நாம் போர் தவறு, கறுப்பின வீரர்கள் அங்கே போக மறுக்க வேண்டும் என்று சிப்பாய்களிடமே பேசினார்.

1967-இல் கோர்ட் மார்ஷல். பல மருத்துவர்கள் அவருக்காக சாட்சி சொன்னார்கள். பலனில்லை. மூன்று வருடக் கடுங்காவல். ரெண்டு வருடத்துக்கும் மேல் உள்ளே இருந்தார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974-இல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார். தீர்ப்பை எழுதிய நீதிபதி ரென்குவிஸ்ட் சொன்னதன் சாரம்: ராணுவம் என்பது பொதுச் சமூகத்திலிருந்து வேறான ஒரு சமூகம், அங்கே கீழ்ப்படிதல் அவசியம், எனவே பேச்சுரிமை வெளியே இருக்கும் அதே அளவில் உள்ளே இருக்காது. இன்றைக்கும் இந்த வழக்குகளுக்கு அடித்தளம் இந்தத் தீர்ப்புதான்.

மூன்றாவது, சமூக ஊடகக் காலம். 2021 ஆகஸ்ட் 26, காபூல் விமான நிலையத்தில் குண்டுவெடிப்பு. 13 அமெரிக்க வீரர்கள் பலி. அன்றே மரைன் லெப்டினன்ட் கர்னல் ஸ்டூவர்ட் ஷெல்லர், சீருடையிலேயே முகநூலில் வீடியோ போட்டார். "மேலே இருக்கிற யாராவது தப்பு பண்ணிட்டோம்னு ஒத்துக்கங்க" என்பதுதான் அவர் கேட்டதன் சாரம்.

உடனே பொறுப்பு பறிக்கப்பட்டது. பேசாதே என்ற பிறகும் பேசியதால் காவல். 88-வது பிரிவு உட்பட பல குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். தண்டனை என்னவோ 5000 டாலர் சம்பளப் பிடித்தமும் ஒரு கண்டனக் கடிதமும்தான். ஆனால் 17 வருட சர்வீஸ் போச்சு. 20 வருடம் முடித்தால் கிடைக்கும் ஓய்வூதியமும் போச்சு.

சரி.. இந்தச் சட்டம் அநியாயமா?

முழுசாக அப்படிச் சொல்ல முடியாது. துப்பாக்கி வைத்திருப்பவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை வெளிப்படையாக இகழ ஆரம்பித்தால், நாளைக்கு எந்த உத்தரவைக் கேட்பது என்பதையும் அவரே முடிவு செய்வார். பாகிஸ்தானிலும் மியான்மரிலும் ராணுவம் அரசியலுக்குள் வந்ததன் விலையை மக்கள் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டுப் போட்டவருக்குக் கீழேதான் துப்பாக்கி இருக்கணும்.

ஆனால் போரில் நடக்கும் தவறை முதலில் பார்ப்பதும் அதே சீருடைக்காரர்தானே? அவர் வாயை மூடினால் மக்களுக்கு எப்படித் தெரியும்?

இதற்கு அமெரிக்கா கண்ட விடை 1988-இல் வந்த ஒரு பாதுகாப்புச் சட்டம். ராணுவத்தினர் காங்கிரஸ் உறுப்பினரிடமோ இன்ஸ்பெக்டர் ஜெனரலிடமோ முறைகேட்டைச் சொன்னால், அவரைப் பழிவாங்கக் கூடாது. தெருவில் திட்டாதே, ஆனால் உள்ளே வந்து உண்மையைச் சொல் என்று திறந்து வைத்த கதவு அது. ஹோவும் லெவியும் சிறை போன காலத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

அரசு ஊழியராக எனக்கும் நடத்தை விதிகள் உண்டு. அரசின் கொள்கையை விமர்சித்து இங்கே நான் எழுத முடியாது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் வார்டில் மருந்து இல்லை என்றால் மேலே எழுதிக் கேட்கும் வழி எனக்கு இருக்கணும், அந்தக் கடிதத்தை யாராவது படிக்கணும். இல்லாவிட்டால் என் மௌனத்துக்கு விலை கொடுப்பது நோயாளி.

சீருடைக்காரரின் மௌனமும் அப்படித்தான். அவருக்குப் பேச்சுரிமையைக் குறைக்க ஒரு நாட்டுக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்ல வேறொரு கதவைத் திறந்து வைத்த பிறகுதான் அந்த நியாயமே ஆரம்பிக்கிறது.

மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.