குண்டின் வேகத்தை அளந்தவர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற பக்கத்தில் வல்லம் வடகால் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஏரிகளுக்குப் பேர்போன காஞ்சிபுரம் சீமையில் இன்று தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர்களில் அதுவும் ஒன்று. 2017-ஆம் ஆண்டில் ராயல் என்பீல்டு கம்பெனி அங்கே ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. அந்தக் கம்பெனி எத்தனையோ ரக மோட்டார் சைக்கிள்களைச் செய்கிறது. ஆனாலும் நம் ஜனங்களைக் கேட்டால் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: புல்லட்!

புல்லட் என்றால் துப்பாக்கிக் குண்டு. வண்டிக்கு அந்தப் பெயர் வைத்தவர் ஏதோ அலங்காரத்துக்காக வைத்துவிடவில்லை. லண்டனுக்கு வடக்கே என்பீல்டு என்ற இடத்தில் ஆங்கில அரசாங்கத்தின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. 1857-ல் நம் சிப்பாய்கள் தோட்டாவைப் பல்லால் கடிக்க மறுத்துக் கலகம் செய்தார்களே, அந்தத் துப்பாக்கியின் பெயரே என்பீல்டு துப்பாக்கிதான். 1893-ல் சைக்கிள் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு அந்தத் தொழிற்சாலைக்குத் துப்பாக்கிப் பாகங்கள் செய்து கொடுக்கும் காண்டிராக்ட் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் கம்பெனியார் தங்கள் சைக்கிளுக்கு என்பீல்டு என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயர் 1955-ல் சென்னைக்குக் கப்பலேறி வந்து, திருவொற்றியூரில் வேரூன்றி, வல்லம் வடகால் வரையில் படர்ந்துவிட்டது.

வண்டிக்கும் குண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வண்டி தெருமுனை திரும்புவதற்கு முன்பே அதன் சத்தம் வீட்டுக்குள் வந்துவிடும். இன்றைய ரைபிள் குண்டோ முதலில் வந்து சேரும். வெடிச் சத்தம் பின்னால் வரும். வண்டியின் வேகத்தைக் காட்ட முள் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாமல் பாய்கிற குண்டுக்கு யார் முள் வைப்பது?

அதற்கு முள் வைத்த ஒரு மனிதர் இருந்தார். இங்கிலாந்தில் பிறந்த அவர், நம் கடலூருக்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் உயிர் விட்டார். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

குண்டின் வேகத்தைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கலாம். துரோணர் வைத்த பரீட்சையில் அர்ச்சுனனுக்குப் பறவை மட்டும் தெரிந்தது, அது போதுமானதாயிருந்தது. ஆயிரம் கஜத்துக்கு அப்பாலுள்ள பலகையைச் சுடுகிறவனுக்கு அது போதாது. குழாயை விட்டுப் புறப்பட்ட கணத்திலிருந்தே குண்டு பூமியை நோக்கி விழத் தொடங்குகிறது. ஆயிரம் கஜம் போவதற்குள் சாதாரண ராணுவ ரைபிளின் குண்டு முப்பது அடிக்கு மேல் இறங்கிவிடும். அதாவது மூன்று மாடி உயரம். அந்த இறக்கத்தைக் கணக்கிட்டு, அதற்குத் தகுந்தபடி குழாயை உயர்த்திப் பிடித்தால்தான் குறி தப்பாது. எவ்வளவு உயர்த்துவது? வேகம் தெரிந்தால் சொல்லலாம். வினாடிக்கு 2,600 அடி என்று நினைத்தது 2,550 அடியாக இருந்துவிட்டால், பலகையில் ஏறக்குறைய ஒரு முழம் தவறிவிடும்.

ராபின்ஸ் காலத்துக்கு முன்னால் இந்தக் கணக்கு எப்படி நடந்தது? கலிலியோ பெரிய மேதை. எறிந்த பொருள் வளைகோட்டில் போகும் என்று 1638-ல் அழகாக நிரூபித்துக் காட்டினார். ஆனால் அது காற்றே இல்லாத உலகத்துக்குப் பொருந்தும் கணக்கு. காற்று குறுக்கே நிற்கிறது என்று நியூட்டன் போன்றவர்கள் எச்சரித்தும், பீரங்கி வாத்தியார்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'இரும்புக் குண்டை இளங்காற்றா தடுக்கும்?' என்பது அவர்கள் எண்ணம். அந்தக் கோட்டை வைத்தே அட்டவணைகள் போட்டார்கள். குண்டுகள் அட்டவணைப்படி விழாதபோது பீரங்கியையும் மருந்தையும் குற்றம் சொன்னார்கள்.

ராபின்ஸ் 1707-ல் பாத் நகரத்தில் பிறந்தவர். அவருடைய குடும்பம் குவேக்கர் என்னும் மதப் பிரிவைச் சேர்ந்தது. ஆயுதம் எடுப்பதே பாவம் என்பது குவேக்கர்களின் கொள்கை. அந்த வீட்டில் பிறந்த பிள்ளை ஆயுத சாஸ்திரத்துக்கே ஆசானாக வந்தது விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். கணிதத்தில் கெட்டிக்காரரான அவர் இருபது வயதிலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் அங்கத்தினரானார். 1742-ல் பீரங்கி சாஸ்திரத்தின் புதிய தத்துவங்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில்தான் அந்த அற்புதமான கருவி வருகிறது.

பார்த்தால் கருவி என்றே சொல்லமாட்டீர்கள். முக்காலி போல மூன்று கம்பங்கள்; அவற்றிலிருந்து ஊஞ்சல் மாதிரி தொங்கும் ஓர் இரும்புச் சட்டம்; அதன் முகத்தில் தடித்த மரக்கட்டை. எல்லாம் சேர்ந்து சுமார் 56 ராத்தல். கட்டையின் அடியில் ஒரு ரிப்பன். துப்பாக்கியைக் கட்டையின் நடுவே சுட வேண்டும். குண்டு மரத்தில் புதைந்துகொள்ளும், கட்டை பின்னால் ஆடும், ரிப்பன் இழுபடும். எத்தனை அங்குலம் இழுபட்டது என்று பார்த்தால் கட்டை ஆடிய வேகம் தெரிந்துவிடும்.

சூட்சுமம் இதுதான். குண்டு தன் உந்தம் முழுவதையும் கட்டைக்குத் தானம் செய்துவிடுகிறது. ராபின்ஸ் உபயோகித்த குண்டுகள் ராத்தலுக்குப் பன்னிரண்டு நிற்கும். அப்படியானால் கட்டை குண்டைப்போல் சுமார் 670 மடங்கு கனம். கனம் எத்தனை மடங்கு ஏறியதோ, வேகம் அத்தனை மடங்கு குறையும். கணக்கைச் சற்று எளிதாக்கிச் சொன்னால், கட்டை வினாடிக்கு இரண்டரை அடி நகர்ந்திருந்தால், குண்டு வினாடிக்கு 1,675 அடி வேகத்தில் வந்திருக்கிறது! கண்ணுக்கு எட்டாத வேகத்தைக் குழந்தை நடக்கிற வேகமாக மாற்றி, ரிப்பனால் அளந்துவிட்டார் மனிதர். இன்றும் கல்லூரியில் பௌதிகம் படிக்கிற பிள்ளைகள் பரீட்சையில் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். போட்டவர் பெயர்தான் பலருக்குத் தெரிவதில்லை.

இன்னும் பெரிய அதிசயம் பிறகுதான் வந்தது. கட்டையைச் சற்றுத் தள்ளி வைத்தார்; சுட்டார். மேலும் தள்ளி வைத்தார், சுட்டார். தூரம் கூடக் கூட வேகம் மளமளவென்று குறைந்தது. அந்த வேகத்தில் போகும் குண்டின்மேல் காற்றின் எதிர்ப்பு, குண்டின் சொந்த எடையைப்போல் நூறு மடங்குக்கும் அதிகம் என்று தெரிந்தது. கலிலியோவின் கணக்குப்படி பதினாறு மைல் போக வேண்டிய உருண்டைக் குண்டு, உண்மையில் ஒரு மைல்கூடப் போவதில்லை! இளங்காற்று என்று அலட்சியம் செய்தார்களே, அந்தக் காற்றுதான் வழியில் மற்றதையெல்லாம் விழுங்கிவிடுகிறது. பெர்லினில் இருந்த கணித மேதை ஆய்லர் இந்தப் புத்தகத்தை 1745-ல் விரிவான உரையுடன் ஜெர்மன் பாஷையில் வெளியிட்டார். பிற்காலத்தில் நெப்போலியன் என்னும் இளம் பீரங்கிப்படை அதிகாரி அதைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

1747-ல் ராபின்ஸ் ரைபிளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். குழாயின் உட்புறத்தில் திருகுபோல வரி வெட்டினால் குண்டு பம்பரமாகச் சுழன்று நேராகப் போகும் என்று விளக்கினார். இந்த ரகசியத்தை முதலில் முழுமையாகக் கைக்கொள்ளும் தேசம் மற்ற தேசங்களை மிஞ்சிவிடும் என்பது அவர் கருத்து. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ராணுவங்கள் அந்த வழிக்கு முழுவதும் வர நூறு வருஷம் ஆயிற்று.

இப்பேர்ப்பட்டவர் தேவனாம்பட்டினத்துக்கு ஏன் வந்தார்? அதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

1690-ல் கிழக்கிந்தியக் கும்பினியார் அந்தக் கோட்டையை, செஞ்சியை ஆண்ட மராத்தியர்களிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம்? வேலி, காணி என்ற கணக்கெல்லாம் இல்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு! பெரிய பீரங்கியாகப் பார்த்து எடுத்து, பல திசைகளிலும் சுட்டார்கள். கடலூர்ப் பட்டணமே அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. அப்படி அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் ஏற்பட்டது. விற்றவர்களுக்குத் தாங்கள் கையெழுத்துப் போட்ட அளவு எவ்வளவு என்று தெரியாது. வயலில் ஏர் உழுதுகொண்டிருந்தவனுக்கு, வானத்தில் போன ஒரு குண்டினால் தன் எஜமானர்கள் மாறிவிட்டார்கள் என்று தெரியாது. சுட்டவர்களுக்கும் தங்கள் குண்டின் வேகம் தெரியாதுதான். ஆனால் சுட்டுப் பார்க்கிற எண்ணம் அவர்களுக்கு இருந்தது.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். 1749-ல் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தார்கள். நம் கோட்டைச் சுவர்கள் பீரங்கிக்கு முன்னால் நிற்கமாட்டா என்று கும்பினிக்குப் புத்தி வந்தது. குண்டின் பலத்தை அளந்தவரையே சுவர் கட்டவும் அனுப்பிவிடுவோம் என்று தீர்மானித்து, ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தார்கள். அவர் 1749 கடைசியில் கப்பலேறி, 1750 ஜூலையில் வந்து இறங்கினார். வானசாஸ்திரக் கருவிகளையும் கூடவே கொண்டுவந்தார் என்பதிலிருந்து, கோட்டை வேலையோடு நின்றுவிட அவருக்கு உத்தேசமில்லை என்று தெரிகிறது.

சீமைக் குளிரில் வளர்ந்த உடம்பு நம் வெயிலைத் தாங்கவில்லை. இரண்டே மாதத்தில் காய்ச்சல் கண்டது. பிழைத்தெழுந்து, தேவனாம்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கோட்டைத் திட்டங்களை வரைந்தார். மறுபடியும் காய்ச்சல். 1751 ஜூலை 29-ஆம் தேதி, கும்பினிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தபோது, கையில் பேனாவுடன் உயிர் பிரிந்தது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வயது நாற்பத்து நாலு. அடுத்த மாதக் கடைசியில் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டை நோக்கிப் புறப்பட்டான். அதற்குப் பின் நடந்ததெல்லாம் பள்ளிக்கூடச் சரித்திரம். ராபின்ஸ் பலப்படுத்த வந்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தரைமட்டமாக்கினான்.

ஆடும் கட்டை நூறு வருஷம் அரசாண்டது. பிறகு மின்சாரம் வந்தது. 1860-களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த லெ பூலாஞ்ஜே, குண்டு இரண்டு கம்பித் திரைகளை அறுக்கும் நேர இடைவெளியை அளக்கும் கருவி செய்தார். இன்று ஒளித் திரைகளும் ராடாரும் அதே வேலையைச் செய்கின்றன. கருவி இல்லாத குறிகாரர், இரண்டு வெவ்வேறு தூரத்தில் சுட்டு, குண்டு எவ்வளவு இறங்கியது என்று அளந்து, அதிலிருந்து வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டுக்கொள்வார். தோட்டாப் பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகத்தை அனுபவசாலிகள் அப்படியே நம்புவதில்லை. அது வேறொரு குழாயில் அளந்த வேகம். குழாய் குட்டையானால் வேகம் குறையும். சித்திரை வெயிலில் மருந்து சூடேறினால் வேகம் கூடும். உன் துப்பாக்கியின் வேகத்தை நீயே அளந்து பார் என்பதுதான் ராபின்ஸ் தொங்கவிட்ட அந்தக் கட்டை சொன்ன பாடம்.

அந்தப் பாடத்தில்தான் நம் சரித்திரத்தின் வேதனையும் இருக்கிறது. நம்மவர்களுக்கு வீரத்தில் குறைவில்லை. பீரங்கியும் இருந்தது, மருந்தும் இருந்தது. எதிரே நின்றவர்கள் கொள்ளைக்காக வந்த வியாபாரிகள். அவர்களிடம் நியாயம் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் அளந்து பார்க்கிற மனிதர் ஒருவரைக் கடல் தாண்டிக் கூலி கொடுத்து வரவழைக்கிற புத்தி அவர்களிடம் இருந்தது. குண்டு விழுந்த இடம்வரை உன்னுடையது என்று எழுதிக் கொடுத்த புத்தி நம்மிடம் இருந்தது.

காலம் எப்போதும் அப்படியே இருப்பதில்லை. அதே கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் என்ற பெண், 2019-ல் ரியோ நகரத்தில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் ஏர் ரைபிளில் தங்கப் பதக்கம் வாங்கினார். அவர் சுட்டது பத்து மீட்டர் தூரத்துப் புள்ளியை. அந்தக் குண்டினால் யாருடைய நிலமும் பறிபோகவில்லை.