டைனமோ கார்களில் மின்னேற்றக் கோளாறு அறிதல்
சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரில் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்தது டைனமோ. கார்களுக்கான மின்கருவிகளைச் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனமும் அதே ஆண்டில்தான் சென்னையில் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை பாடியில் உள்ளது.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ போதிய மின்னழுத்தம் தராது. அந்நேரத்தில் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாதபடி கன்ட்ரோல் பாக்ஸிலுள்ள கட்-அவுட் இணைப்பைத் துண்டிக்கும். ஆகவே, சிக்னலில் நிற்கையில் சிவப்பு விளக்கு மினுங்குவது கோளாறு அன்று. வேகம் கூடியும் அணையாவிட்டால்தான் கோளாறு.

முதலில் ஃபேன் பெல்ட்டின் தொய்வையும் எர்த் இணைப்பையும் பார்ப்பர். காட்டுப்பள்ளி, பழவேற்காடு போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் எர்த் முனை விரைவில் அரிக்கும். அடுத்தது, பழுது டைனமோவிலா, கன்ட்ரோல் பாக்ஸிலா என்பது. டைனமோவின் டி, எஃப் முனைகளிலுள்ள கம்பிகளைக் கழற்றி, இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அதற்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே வோல்ட் மீட்டர் வைப்பர். எஞ்சின் வேகத்தை மெல்லக் கூட்ட, முள் தடையின்றி ஏறினால் டைனமோ நல்லது. 20 வோல்ட்டைத் தாண்டவிடக் கூடாது. முள் அசையாவிட்டால் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட் அளவிலேயே நின்றால் ஃபீல்டு காயில் மீதும், ஐந்தாறு வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர் மீதும் ஐயம் விழும். ஒரு மீட்டரும் ஒரு துண்டுக் கம்பியும் இருந்தால் போதும். புதுப் பேட்டரிக்கு வீண்செலவு இல்லை.

ஆல்டர்னேட்டர் வந்தபின் மெதுவோட்டத்திலும் மின்னேற்றம் கிடைத்தது. ஆனால், ஓடும் எஞ்சினில் பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கம் அதன் டயோடுகளை எரித்துவிடக்கூடும்.